தாயைக் கவனிக்க வந்த மகள்

1890ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்த ஐடா ஸ்கட்டருக்குத் தமிழ்நாட்டிலிருந்து செய்தி ஒன்று வந்தது. திண்டிவனத்தில் வசித்த தாயார் சோபியா நோயுற்றிருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஐடா அக்குடும்பத்தின் ஒரே பெண். இருபது வயதுகூட நிறையாத அவர் கப்பலேறினார்.

ஐடா பிறந்தது வேலூருக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில். தந்தை ஜான் ஸ்கட்டர் மருத்துவர், சமயப் பணியாளர். அக்குடும்பத்தில் பலர் அதே பணியில் ஈடுபட்டிருந்தனர். ஆனால், ஐடாவுக்கு அதில் நாட்டமில்லை. சிறு வயதில் கண்ட கொடிய பஞ்சம் அவர் நினைவை விட்டு அகலவில்லை. தாயார் தேறியதும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

திண்டிவனத்தில் தாயாருக்குப் பணிவிடை செய்து வந்த காலத்தில், ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பேறுகால வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஒருவர் வேண்டினார். தாம் மருத்துவம் படிக்கவில்லை என்றும், தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கமில்லை என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். அதே இரவில் மேலும் இருவர் அதே வேண்டுகோளோடு வந்தனர்; அவர்களும் அதே காரணத்தால் திரும்பினர். மருத்துவர் அந்த வீட்டிலேயே இருந்தார். காஹாங்கில் நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், குளுவாங் மருத்துவமனைக்கு விரைவதற்குச் சாலைத் தொலைவுதான் தடை. அந்தப் பெண்களுக்கோ தொலைவு தடையாக இல்லை; வழக்கம்தான் தடையாக நின்றது. விடிந்தபோது சாவுப் பறை ஒலித்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

மருத்துவம் படிப்பது என்று ஐடா முடிவு செய்தார். அதற்கு, யாரைக் கவனிக்க வந்தாரோ அந்தத் தாயாரைப் பிரிந்தே ஆகவேண்டும். பல ஆண்டுகள் கடல் கடந்து வாழவேண்டும். இது எளிய முடிவன்று. 1895இல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், நியூயார்க்கில் பெண்களையும் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பும் முன், நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டுவதற்கு 10,000 டாலர் வழங்கினார்.

1900இல் ஐடா வேலூரை வந்தடைந்தார். அனுபவம் மிக்க தந்தையிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார். கணவரை இழந்த தாயார், அனுபவமில்லாத இளம் மருத்துவரை நம்பத் தயங்கும் ஊர் மக்கள் என இரண்டையும் அவர் ஒருசேர எதிர்கொண்டார். வீட்டின் ஒரு சிறு அறையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். தயக்கம் மெல்ல விலகியது, கூட்டம் பெருகியது. 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது.

எத்தனை பேருக்குத்தான் ஒருவர் மருத்துவம் பார்க்க முடியும்? பெண்களையே மருத்துவர்களாக்க வேண்டும் என்று ஐடா எண்ணினார். தமக்கு நேர்ந்ததைப்போல், படிப்பிற்காக வீட்டையும் நாட்டையும் விட்டுச் செல்ல எத்தனை பெண்களால் இயலும்? 1918இல் வேலூரிலேயே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் படிக்க முன்வருவார்களா என்று பலர் ஐயுற்றனர். முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் குவிந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அப்பள்ளியே பின்னாளில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஐடா 1960இல் கொடைக்கானலில் காலமானார்.

மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோது சோபியா உயிருடன் இருந்தார். முன்பு நோயாளியாக மகளை வரவழைத்த அத்தாயார், முதுமையிலும் வேலூரில் மகளோடுதான் வாழ்ந்து வந்தார்.