புற்றுக்குள் பார்த்த வைத்தியர்

குழந்தைகளே! திண்டுக்கல் பக்கம் மழை பெய்தால் கரையான் புற்றில் காளான் முளைக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஏன் புற்றில் முளைக்கிறது?

தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர் யோகான் கெர்கார்டு கோனிக். 1728-ல் பிறந்தவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். வைத்தியத்தோடு செடி, கொடி, பூச்சிகளையும் ஆராய்ந்தார். புற்றுக்குள்ளே காளான் வளர்வதைக் கண்டு 1779-ல் எழுதினார். ஆம், கரையான்கள் உணவுக்காகக் காளான் வளர்க்கின்றன! 1785-ல் காக்கிநாடா அருகே கோனிக் காலமானார். புற்றுக்காளானுக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்ற பேரினப் பெயர் 1942-ல்தான் கிடைத்தது.

இதன் தண்டு, வேர்போல் நீண்டு கரையானின் காளான் தோட்டம்வரை இறங்கும். குடை நடுவே பெரும்பாலும் கூராக இருக்கும். ஆனால், விஷக் காளானும் பக்கத்திலேயே முளைக்கலாம். புற்றில் பாம்பும் இருக்கலாம். ஆகவே, நீங்களாகப் பறிக்காதீர்கள். நன்கு அறிந்த பெரியவர் பார்த்துச் சொல்லாத காளானைச் சாப்பிடவே கூடாது. சரிதானே?