ஆழிக்குமரன் ஆனந்தன்

ஒலுவில் கரையிலே கடலை அறியாத பிள்ளை இல்லை. வலையும் தோணியும் அன்றாடமாகிவிட்ட இவ்வூரவர்க்கு நீந்துதல் ஒரு கலையாகவே தோன்றுவதில்லை. ஆயினும், கை ஓய்ந்த பின்னும் ஒருவனை நீரின்மேல் நிறுத்துவது யாது என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவோடு வாழ்ந்தவர், நம் நாட்டின் வடகோடியிலுள்ள வல்வெட்டித்துறையில் 1943 ஆம் ஆண்டு பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன். தமிழர் அவரை ஆழிக்குமரன் என்றழைத்தனர்.

கடலோடிகளின் ஊர் அது. 1954 இல் மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தபோது ஆனந்தன் சிறுவர். பின்னர்ச் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். 1971 இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார். 51 மணித்தியாலம் ஆயிற்று. போன தூரத்தைக் காட்டிலும், கரையைக் கண்ட பின் மறுபடி கடலை நோக்கித் திரும்பிய அந்தக் கணமே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. நின்றுவிட உடலுக்கு அங்கே எல்லா நியாயமும் இருந்தது.

அதன்பின் அவர் செய்தவற்றை வேடிக்கை என்போர் உளர். 1978 இல் 128 மணித்தியாலம் டுவிஸ்ட் நடனம். 1979 மே மாதத்திலே கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் சைக்கிளோட்டம். 1980 இல் 33 மணித்தியாலம் ஒற்றைக்கால் நிலை. ஒற்றைக்காலில் நிற்பதில் எதிராளி இல்லை, எல்லைக்கோடு இல்லை, கைதட்டும் வேகமும் இல்லை. கடிகாரமும் மனமும் மட்டுமே உண்டு. ஆகவேதான் அதனை வேடிக்கையெனத் தள்ள என் மனம் இசையவில்லை.

1977 இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோர்கன் நெடுந்தூர ஓட்டக்காரரை ஆராய்ந்தார். நடுத்தர ஓட்டக்காரர் வலியை மறக்கக் கணக்குப் போடுவர், பழைய நினைவுகளில் மூழ்குவர். தலைசிறந்தவரோ மூச்சையும் தசையையும் இடைவிடாது கவனித்து, இறுகிய இடத்தைத் தளர்த்தி, வேகத்தைத் திருத்திக்கொள்வர். இன்று மெய்வல்லுநர்க்கு மூச்சைச் சீராக்கவும், தசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தவும், முழுத் தூரத்தை எண்ணாது அடுத்த சிறு இலக்கையே எண்ணவும் கற்பிக்கின்றனர். 1981 இல் சென்னை மெரீனாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்திலே ஆனந்தன் 80 மணித்தியாலம் நிலைநீச்சலில் நின்றார். தோள் சிறிது இறுகினாலும் வலு வீணாகும் செயல் அது. இக்கவனம் கைகூடாதவர் அதனை நினைக்கவும் இயலாது.

எஞ்சியது ஆங்கிலக் கால்வாய். பாக்கு நீரிணையின் நீர் நம் கிழக்குக்கடல் நீரைப்போல் வெதுவெதுப்பானது; கால்வாயின் நீரோ ஆகஸ்டிலும் பெரும்பாலும் 18 பாகை செல்சியசைத் தாண்டுவதில்லை. களைப்பு உடலை முதலில் பற்றும். குளிர் அறிவையே பற்றும். உள்வெப்பம் தாழத்தாழத் தீர்மானிக்கும் ஆற்றல் மங்கி, நிறுத்தவேண்டிய வேளை நீந்துபவர்க்கே தெரியாமற் போகும். விடாமுயற்சிக்குப் பழக்கப்பட்ட மனம் அங்கே உடலின் எச்சரிக்கையை அடக்கிவிடவும் கூடும்.

1984 ஆகஸ்ட் 6 ஆம் நாள் அக்கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. அங்கு நீந்துவோருடன் செல்லும் துணைப்படகினர் கைவீச்சை எண்ணிக் குறிக்கின்றனர். இடையிடையே பேச்சுக் கொடுத்து விடையின் தெளிவைக் கவனிக்கின்றனர். வீச்சுக் குறைந்து சொல் குழறினால், நீந்துபவர் மறுத்தாலும் அவரை மேலேற்றிவிடுவர்.