பிரசவ மருத்துவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த சாமுவேல் கிறீன்

பிறந்து மூச்செடுக்காத குழந்தைக்கு முதலில் தேவை காற்று. நெஞ்சு உயரும்படி 30 செக்கன்கள் காற்றூட்டிய பிறகும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ எட்டாவிட்டால் மார்பை அழுத்தவேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு பெருவிரல்களையும் வைத்து, மார்பின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கு இறங்கும்படி அழுத்துவார்கள். மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. புளியங்குளத்திலிருந்து ஒரு தாயை ஏ9 வீதியால் வவுனியாவுக்குக் கொண்டுபோகும் வழியில் குழந்தை பிறந்துவிட்டால், கூடப் போகிறவரின் கைகளுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். அந்த அறிவு எந்த மொழியில் அவரை வந்தடைகிறது என்று யோசிக்கும்போது எனக்குச் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருகிறார்.

1822இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் பிறந்த கிறீன், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலையைத் தொடங்கினார். தமிழ் படித்தார். 1852இல் உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1857இல் வந்தது ‘பிரசவ வைத்தியம்’. அதே ஆண்டு உடல்நலம் குன்றி நாடு திரும்பியவர் 1862இல் மறுபடியும் மானிப்பாய்க்கு வந்தார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலைக்கும் பட்டணங்களுக்கும் போய்விட, கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே இருந்தார். அதனால் 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். இது மொழிப்பற்றில் பிறந்த முடிவல்ல, நோயாளியிடம் வைத்தியர் போய்ச்சேர வேண்டுமென்ற கணக்கு என்றே நான் நினைக்கிறேன். அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கும் மேல். அவரும் மாணவர்களும் சேர்ந்து தமிழாக்கிய மருத்துவ நூல்கள் 4,000 பக்கங்களைத் தாண்டின. தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் வடமொழியை எடுத்தார், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதினார்.

1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன கிறீன், 1884இல் பிறந்த ஊரான வூஸ்டரில் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

நின்ற இதயத்தை மார்பின் வெளியிலிருந்து அழுத்தி இயக்கும் முறை மருத்துவ உலகில் நிலைபெற்றது 1960க்குப் பிறகுதான். கிறீனின் நூல்களில் அதைத் தேடமுடியாது. ஆனால் சிசு உயிர்ப்பித்தல் பற்றிய சர்வதேச வழிகாட்டல்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை திருத்தப்படுகின்றன, ஆங்கிலத்தில். ஒவ்வொரு திருத்தத்தையும் வன்னிக் கிராமங்களில் வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெளிவான தமிழில் உடனே கொடுப்பது யாருடைய பொறுப்பு? 1864இல் ஒரு வெளிநாட்டவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை அது. இப்போது அதைச் செய்ய நம்மிடம் மருத்துவ பீடமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் இருக்கின்றன.