ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த அமெரிக்க மருத்துவர் ஆவார். ஒரே இரவில் நிகழ்ந்த மூன்று பேறுகால மரணங்களே இவரை மருத்துவத் துறைக்குக் கொண்டு வந்தன.

இளமை

இராணிப்பேட்டையில் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். சிறு வயதில் பஞ்சத்தை நேரில் கண்ட ஐடா இந்தியாவில் வாழ விரும்பவில்லை. அமெரிக்காவின் நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் கல்வி பயின்ற பின்னர், நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890 இல் திண்டிவனம் வந்தார். விரைவில் அமெரிக்கா திரும்பிவிடுவதே அவரது எண்ணமாக இருந்தது.

மூன்று மரணங்கள்

திண்டிவனத்தில் ஓரிரவு ஒரு பிராமணரும், ஓர் இசுலாமியரும், மற்றோர் இந்துவும் தனித்தனியே வந்து, மகப்பேற்றுக்குத் துன்புற்றுக் கொண்டிருந்த தத்தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். தாம் மருத்துவம் கற்றவரல்லர் என்றும், தம் தந்தை வந்து பார்ப்பார் என்றும் ஐடா கூறினார். மூவரும் அதற்கு இணங்கவில்லை. அயல் ஆடவர் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதை அவர்களது வழக்கம் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

அக்கணவர்கள் மனைவியர் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். இரவிலேயே உதவி தேடி வந்தவர்கள். சமயத்தாலும் சாதியாலும் வேறுபட்ட அவர்கள், ஆண் மருத்துவரை மறுப்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர். மருத்துவர் அருகில் இருந்தும் அவரது உதவி அப்பெண்களைச் சென்றடையவில்லை. இத்தடையைக் கடக்கப் பெண் மருத்துவர்கள் தேவை என உணர்ந்த ஐடா, மருத்துவம் பயிலத் தீர்மானித்தார்.

மருத்துவப் பணி

1899 இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900 இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902 இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காகச் சாலையோர மருத்துவ முகாம்களையும் நடத்தினார்.

தாம் ஒருவர் மட்டும் மருத்துவராவது போதாது என்று கருதிய ஐடா, உள்நாட்டுப் பெண்களைப் பயிற்றுவிப்பதில் கருத்தூன்றினார். 1909 இல் செவிலியர் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அப்பள்ளி 1942 இல் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. ஆண் மருத்துவரை ஏற்காத வழக்கத்தின் விளைவாகத் தோன்றிய இக்கல்லூரியில் 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

மறைவு

ஐடா ஸ்கடர் மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பின்னர் கொடைக்கானலில் வாழ்ந்த அவர், 1960 மே மாதம் தமது 89 ஆம் அகவையில் காலமானார்.