பட்டியலை நம்பாமல் வானத்தைப் பார்த்த அஸ்ஸூபி

பயான்களிலும் பாடசாலை மீலாத் விழாக்களிலும் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபியின் பெயரும் சிலவேளை வரும். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் வராது.

கி.பி. 903இல், இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் நகரில் பிறந்தவர். இஸ்பஹானிலும் ஷீராஸிலும் புவைஹி ஆட்சியாளர் அழுதுத் தௌலாவின் ஆதரவில் பணியாற்றி, அவருக்கே நட்சத்திரங்களைக் கற்றுக் கொடுத்தார். 986இல் வபாத்தானார்.

அன்று வானியலாளர்களின் கையிலிருந்தது, சுமார் 800 வருடங்களுக்கு முன் தொலமி தொகுத்த ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களின் பட்டியல். பலர் அதைப் பிரதி செய்தார்கள், அதை வைத்தே வான உருண்டைகளும் செய்தார்கள். அண்ணாந்து பார்த்துச் சரிபிழை கண்டவர்கள் குறைவு. அஸ்ஸூபி இதைக் கடுமையாக விமர்சித்தார். பெரிய பெயர்களுக்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நட்சத்திரங்களின் இடங்களை அவர் புதிதாக அளக்கவில்லை. தொலமியின் கணக்கோடு 12 பாகை 42 கலையைக் கூட்டிக்கொண்டார். அவருடைய உழைப்பு பிரகாசத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமாக வெறுங்கண்ணால் பார்த்து, எது கூடுதல் ஒளி, எது குறைவு என்று தானே தரம் பிரித்தார். 964 அளவில் முடித்த நூலில் 48 உடுத்தொகுதிகளுக்கும் இரண்டிரண்டு படங்கள்: ஒன்று தரையிலிருந்து தெரிவது, மற்றது உருண்டையின் மேல் தெரிவது. ஆயிரம் வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பிரகாச அளவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அரபிகள் வரைந்த மீன் உருவத்தின் வாயருகே ஒரு சிறு மேகத்தையும் அவர் குறித்து வைத்தார். அதுதான் அந்த்ரொமேடா. அவர் வேறொரு கலக்ஸியைக் கண்டுபிடித்தார் என்று நம்மவர்கள் சொல்வது மிகை. அது கலக்ஸி என்பது 1920களில்தான் உறுதியானது. கண்டதைக் கண்டபடி எழுதினார், அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்று வானத்தை அலசி, பிரகாசமான குவாசர்களைத் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். தூரத்துக் கலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளை தன்னைச் சூழ்ந்த வாயுவை விழுங்கும்போது எழும் ஒளியே குவாசர். தொலைநோக்கியில் அது வெறும் நட்சத்திரப் புள்ளி. 2024இல் அறிவிக்கப்பட்ட, அறியப்பட்டவற்றில் மிகப் பிரகாசமான குவாசர் 1980இலேயே படத்தில் விழுந்திருந்தது. குவாசர் இவ்வளவு பிரகாசமாக இருக்காது என்று கணினி வகைப்பாடு அதை நட்சத்திரங்களோடு சேர்த்துவிட்டது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2.3 மீற்றர் தொலைநோக்கியைத் திருப்பி, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அது நாளொன்றுக்கு ஒரு சூரியன் அளவை விழுங்கும் கருந்துளை என்று தெரிந்தது.