காந்தத்தை அளந்த தமிழர்

கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல்களுள் காந்தமும் ஒன்று. திசைகாட்டியின் முள்ளை வடக்கு நோக்கித் திருப்பும் அவ்வாற்றல், தன் புலத்தில் தொங்கவிடப்பட்ட சிறு படிகத்தையும் திருப்பும். அத்திருப்பத்தை நுட்பமாக அளந்து, பொருள்களின் உள்ளமைப்பை உலகிற்கு உணர்த்தியவர் கே.எஸ். கிருஷ்ணன் என அறியப்பட்ட கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று அவர் பிறந்தார். அவர்தம் தந்தை உழவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். அப்புலமை மகனுக்கும் வாய்த்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், பின்னர்க் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செயல்முறை விளக்குநராகப் பணியாற்றினார். நண்பகல் இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களுக்கு அவர் விளக்கம் தருவார். அதனைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் வந்து கூடினர்.

ஆராய்ச்சி வேட்கை அவரை 1920இல் கல்கத்தாவிற்கு அழைத்துச் சென்றது. 1923இல் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட நீர்மத்தின் வழியே ஒளி செல்லும்போது ஏற்படும் இரட்டை விலகலை இருவரும் ஆராய்ந்தனர். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, அதற்கான சோதனைகளில் கிருஷ்ணனின் பங்கு பெரிது. அக்கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1928 டிசம்பரில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்று தமக்கெனத் தனித்துறை ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தார். அது படிகங்களின் காந்தப்பண்பு.

அவர் கையாண்ட கருவி எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். படிகத்தின் காந்தப்பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதால், அது ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பி நின்றது. இழையை முறுக்கி, எந்தக் கோணத்தில் படிகம் அந்நிலையை விட்டுச் சுழல்கிறது என்று கண்டார். அக்கோணத்திலிருந்து, படிகத்துள் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டுள்ள முறையைக் கணித்தார். டயா காந்தப் பொருள்களுடன் பாரா காந்தப் பொருள்களையும் அவர் ஆராய்ந்தார். 1933இல் கல்கத்தா திரும்பி அப்பணியைத் தொடர்ந்தார். 1940இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் ஒரு பாரா காந்தப் பொருளே. அது வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி அதிர்வுகள் கொண்ட நுண்ணலைகளை உமிழ்கிறது. அவற்றின் வலிமையை அளந்தால் வளிமண்டலத்தின் வெப்பநிலையை அறியலாம். கிருஷ்ணன் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1972இல் ஏவப்பட்ட நிம்பஸ் 5 செயற்கைக்கோள் இவ்வாறு அளந்தது. ஆயினும் புவியின் காந்தப்புலம் இந்நுண்ணலைகளின் நிறமாலைக் கோடுகளைப் பல கூறுகளாகப் பிரிக்கிறது. காற்று அடர்ந்த தாழ்பகுதியில் மூலக்கூறுகளின் மோதலால் அப்பிளவு மறைந்துவிடும். ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில், அது வெளிப்படும். புலத்தின் வலிமையையும், அதன் திசைக்கும் செயற்கைக்கோளின் நோக்குக்கும் இடைப்பட்ட கோணத்தையும் கணக்கில் கொள்ளாவிடில், கணிக்கப்படும் வெப்பநிலை பிழையாகும். காந்தப்பண்பை அளப்பதில் திசையே முதன்மையானது என்பதைக் கிருஷ்ணனின் படிகங்களும் காட்டியிருந்தன.

விடுதலைக்காலத்தில் நாடு அவரை அழைத்தது. 1947இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் விருதும் அவரைச் சேர்ந்தன. தமிழிலும் அவர் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961இல் அவர் இயற்கை எய்தினார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டையின் வயல்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வங்கக்கடலின் ஒவ்வொரு புயலும் அச்சமே. மேகத்திரையை ஊடுருவி வரும் நுண்ணலைகள் இன்று அவ்வச்சத்தை முன்னறிவிப்பாக மாற்ற உதவுகின்றன. அந்த முன்னறிவிப்பு பிழையற்ற அளவீட்டைச் சார்ந்தது. மெல்லிய இழையில் தொங்கிய சிறு படிகத்தைப் பொறுமையுடன் அளந்த கிருஷ்ணனின் வாழ்வு, அத்தகைய அளவீட்டிற்குத் தக்கதொரு சான்றாகும்.