பேயுரு வேண்டிய பெருமாட்டி

மேனாட்டு இளைஞர் விரும்பிக் கற்கும் நவீனங்களுள் ஒருவகை உண்டு. இரத்தங் குடிக்கும் பேய்களும், நிறைமதி நாளில் ஓநாயாக உருமாறும் மாந்தரும் அவற்றில் வருவர். அக்கோர வடிவினின்று மீண்டு மனிதராக வாழவேண்டும் என்னும் அன்னாரின் ஏக்கமே கதைக்கு உயிர். நம் தமிழ்நாட்டிலோ, ஏறக்குறைய 1,500 ஆண்டுகட்கு முன்னர், அழகும் இளமையும் செல்வமும் ஒருங்கே வாய்ந்த ஒரு பெண்மணி, மானிட வடிவம் வேண்டா, பேய்வடிவே வேண்டும் என இரந்து பெற்றனர். காரைக்கால் அம்மையார் எனப்படும் அவர் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின் வழிநின்று ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

கடல்வாணிகத்தாற் செழித்த காரைக்காலில் தனதத்தன் என்னும் வணிகர்க்கு ஒரே மகளாகத் தோன்றினர் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தன் பரமதத்தன் அவரை மணந்தான். மகளைப் பிரிய மனமில்லாத தந்தையார், மருகனையும் காரைக்காலிலேயே தனிமனையில் இருத்தி, வாணிகத்துக்கு வேண்டும் பொருளும் அளித்தார்.

ஒருநாள் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை இல்லத்துக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவர்க்குச் சோறு மாத்திரமே ஆகியிருந்தமையால், அம்மையார் ஒரு கனியையும் உடனிட்டு அமுதளித்தனர். நண்பகலில் உண்ணவந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, சுவை மிகுதியால் மற்றதையும் கேட்டான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைய, கையில் ஒரு கனி வந்திருந்தது. அதன் சுவை முன்னையதினும் மிக்கிருக்கவே, எங்ஙனம் வந்தது என அவன் வினவினான். மறைத்தல் கற்புநெறிக்கு அடாது என்று துணிந்து அவர் நிகழ்ந்ததை உரைத்தார். அங்ஙனமாயின் இன்னும் ஒன்று வருவிக்க என்றான், வந்தது, அவன் கையில் ஏற்றவளவில் மறைந்தது.

அன்று முதல் பரமதத்தனுக்கு மனைவி மனைவியல்லள், அஞ்சத்தக்க தெய்வம். எவரிடத்தும் ஒன்றும் வெளியிடாமல், கலஞ் சமைத்துக் கடலேறிப் பொருள் ஈட்டி, பாண்டிநாட்டு நகரொன்றிலே கரையிறங்கி, வேறொரு வணிகன் மகளை மணந்து வாழ்ந்தான். பிறந்த பெண்மகவுக்குத் தான் துறந்தவளின் பெயரையே இட்டான். சேக்கிழார் அவனை ஒருசொல்லாலும் கடிந்திலர். அச்சம் உண்மையாயின் பழியில்லை என்பது புலவர் பெருமானின் கருத்துப்போலும். ஆயினும், காரணம் இன்னதென்று ஒரு சொல்லும் உரையாது, காரைக்காலில் ஒருத்தியை ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கச் செய்தமையை எம்மால் எளிதிற் பொறுக்க இயலவில்லை.

செய்தி எட்டியதும் சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையேற்றிப் பாண்டிநாட்டுக்குக் கொண்டு சென்றனர். பரமதத்தனோ இளமனைவியோடும் குழவியோடும் எதிர்வந்து அவர் அடியில் வீழ்ந்தான். மனைவியைக் கணவன் வணங்குவதா எனத் திகைத்த உறவினர்க்கு, இவர் மானிடர் அல்லர், நீவிரும் பணிமின் என்றான். அவன் கொள்கை இதுவெனத் தெளிந்த அம்மையார், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி எற்றுக்கு, இறைவனடி போற்றும் பேய்வடிவே அருள்க என வேண்டினர். அக்கணமே ஊனும் வனப்பும் உதிர்ந்து என்புருவாயினர். வணங்கிய சுற்றத்தார் அஞ்சி அகன்றனர்.

இதனைப் பேரிழப்பாகக் கருதுவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தையின் மகள், கணவனின் மனைவி என்ற இரண்டன்றி வேறிடம் பெறாத ஒருவர், முதன்முறை தமக்கென ஒன்று வேண்டிப் பெற்றது அன்றே. பாடத் தொடங்கியதும் அதன் பின்னரே. 101 வெண்பாக்களாலாகிய அற்புதத் திருவந்தாதியும், 20 செய்யுள் கொண்ட திருவிரட்டை மணிமாலையும் அப்போது பிறந்தன. பின்னர்க் கயிலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்தேறினர் என்றும், தாயும் தந்தையும் அற்ற இறைவன் அவரை அம்மை என விளித்தான் என்றும், ஆடுங்கால் அடிக்கீழிருந்து பாடும் வரத்தைத் திருவாலங்காட்டில் அளித்தான் என்றும் புராணங் கூறும்.

ஆலங்காட்டின்மேல் அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. சுடலைத் தீ, நரியின் ஊளை, கள்ளி, ஆந்தை, நெடும்பல்லும் குழிந்த வயிறும் உடைய பெண்பேய் யாவும் அங்கே உள. அவற்றினிடையே, குழவியின் புழுதி துடைத்து, பாலூட்டி, காளி எனப் பெயரிட்டு அகன்ற ஒரு தாய்ப்பேயும், அவள் வாராமையால் அழுது உறங்கும் பேய்மகவும் வருகின்றன. தமக்கென மகவு பெறாத அம்மையார், தம் பெயர் தாங்கிய பிறர் மகவைக் கண்டவர் என்பதை நினைந்து அவ்விடத்தைப் படிக்கின், எம் நெஞ்சு உருகுகின்றது.

இராஜகுளத்தாராகிய எமக்கு வடபாலுள்ள இத் திருவாலங்காட்டை அடுத்ததே பழையனூர். கணவனாற் கொலையுண்டு பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழவியாக்கி ஏந்திவந்து அவனைப் பழிதீர்த்த நீலியின் ஊர் அதுவே. அவளை நம்பி அவ்வணிகனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர், சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர் என்பர். அந்நீலியையே சமணப் புலவர் ஒருவர் தம் காப்பியத்தின் தலைவியாக்கினர். சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரரை வெருட்ட வந்தவள், அவர் அஞ்சாமை கண்டு அடங்கி, கொல்லாமை பூண்டு, நாடெங்கும் வாதம்புரிந்தாள் என்பது நீலகேசியின் கதை. 1936ஆம் ஆண்டு அ. சக்கரவர்த்தி அவர்கள் அந்நூலைப் பதிப்பித்தனர். மேனாட்டு நவீனங்களின் மீட்சிக்கதைக்கு நெருங்கியது நீலகேசியே. அம்மையார் கதை அதற்கு நேர் எதிர்த்திசையிற் செல்வது.

அம்மையார் தலையால் நடந்த மண்ணென்று ஞானசம்பந்தர் ஆலங்காட்டை மிதிக்க அஞ்சினர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பேயார் என்றே குறித்தனர். கங்கைகொண்ட சோழபுரத்திற் கூத்தப்பிரான் அடியில் என்புருவாய் அமர்ந்திருக்கின்றனர். கம்போச நாட்டில், 967ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற பந்தேய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனருகே காணும் மெலிந்த மாதும் அவரே என அறிஞர் கருதுவர். காரைக்காலிலோ ஆண்டுதோறும் ஆனித்திங்களில் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. இறைவன் வீதியுலா வருங்கால் மக்கள் மாடிகளினின்று மாங்கனிகளை வீசுவர். மகப்பேறு வேண்டுவோர் கீழே நின்று அவற்றை ஏந்திக்கொள்வர்.